கல்லில் முறுக்கிய கயிறு

முதல் நாள், திங்கள்

லிஸ்பன் நகரின் ஜெரோனிமுஸ் மடம் திங்கட்கிழமை திறக்காது. இது எனக்குத் தெரியும். போன மாதமே படித்துப் போனில் குறித்தும் வைத்திருந்தேன். அப்படியும் இன்று காலை ஃபிகெய்ரா சதுக்கத்தில் 15ஈ டிராம் பிடித்து, அப்பாவையும் கூட்டிக்கொண்டு மடம் இருக்கும் பெலேம் பகுதியில் போய் இறங்கிவிட்டேன். ஊர் மாறினால் எனக்குக் கிழமை மறந்துவிடும்.

பூட்டிய கதவுக்கு முன்னால் எங்களைப் போலவே இருபது முப்பது பேர் நின்று சுவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா கோபப்படவில்லை. "துறைமுகத்துல சரக்கு ஏத்தக் காத்துக் கிடந்ததுக்கு இது ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, எதிரே பூங்காவின் பெஞ்சில் உட்கார்ந்து கட்டடத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒருமுறை பார்த்தார்.

அப்பாவுக்கு 71 வயது. தூத்துக்குடிக்காரர், தோணித் தண்டல், அதாவது தோணியை ஓட்டிப்போகும் தலைவர். பாய் கட்டி ஓடிய காலத்தில் சிறுபையனாகத் தோணியில் ஏறி, இஞ்சின் வந்த பிறகும் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் ஓடிக்கொண்டிருந்தவர். நான் வேலை பார்க்கும் மூனிக்குக்கு மூன்று மாதம் வந்திருக்கிறார். பனியும் கட்டடமும் அவருக்கு அலுத்துவிட்டன. "கடல் இருக்குற ஊரா காட்டு" என்றார். அதனால் போர்ச்சுகல்.

எனக்கு வேறொரு காரணமும் உண்டு. இந்த மடத்தின் மேற்குச் சிறகில் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. 1554இல் லிஸ்பனில் ஒரு சிறு ஞானோபதேசப் புத்தகம் அச்சானது. மொழி தமிழும் போர்ச்சுக்கீசும். தமிழையும் ரோமன் எழுத்திலேயே அச்சடித்திருந்தார்கள். தயாரித்தவர்களாக மூன்று பெயர்கள் சொல்லப்படுகின்றன: விசென்த் நசரேத், ஜார்ஜ் கர்வால்யோ, தோமே த குரூஸ். பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம், நம் பக்கத்து ஆட்கள். பெலேம் அருங்காட்சியகத்தில் இருந்த பிரதியைப் பற்றித் தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் எழுதியதைப் படித்த நாளிலிருந்து அந்தக் கட்டடத்தையாவது ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை.

அங்கேயும் கதவு மூடியிருந்தது. அதற்குக் காரணம் கிழமை இல்லை, மராமத்து வேலை. சரி, கட்டடத்தைப் பார்த்தாயிற்று.

1837இலிருந்து இருக்கும் கடையில் பெலேம் பஸ்தேல் என்ற முட்டை இனிப்பு சாப்பிட்டோம். துறவிகள் தங்கள் அங்கிக்குக் கஞ்சி போட முட்டையின் வெள்ளைக்கருவை எடுத்துக்கொள்வார்களாம். மிஞ்சிய மஞ்சள்கருவில் பிறந்தவைதான் இந்த நாட்டு மடங்களின் இனிப்புகள் என்கிறார்கள். மேலே தூவப் பட்டைத்தூள் வைத்திருந்தார்கள். அப்பா மோந்து பார்த்து, "கொழும்புப் பட்டையா இருக்கும்" என்றார். எந்த ஊர்ப் பட்டையோ, ஆளுக்கு மூன்று உள்ளே போயிற்று.

இரண்டாம் நாள், செவ்வாய்

வழிகாட்டியோடு போகும் குழுவில் பணம் கட்டியிருந்தோம். பதினெட்டு பேர். ஆளுக்கொரு காதுக்கருவி கொடுத்தார்கள். அப்பாவுடையது கரகரவென்றதோடு சரி. மாற்றிக் கேட்டதற்கு வேறு இல்லை என்றார்கள். கடைசியில் வழிகாட்டிப் பெண்மணியே அப்பாவைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். அதனால் எங்களுக்கு லாபம்தான்.

பட்டியலில் பெயரைச் சரிபார்க்கும்போது அவர் கொஞ்சம் குழம்பினார். பெர்னாண்டோ என்பது அவர்கள் ஊரில் வீட்டில் கூப்பிடும் பெயர், எங்களுக்கோ அது குடும்பப் பெயர். "எங்க ஊர்ல தெருவுக்குப் பத்து பெர்னாண்டோ இருக்கான்னு சொல்லு" என்றார் அப்பா. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது, ஞானத்தகப்பனாக நின்ற போர்ச்சுக்கீசியரின் பெயர்கள் குடும்பப் பெயர்களாக ஒட்டிக்கொண்ட கதையைச் சொன்னேன். அதன் பிறகு அந்த அம்மா எதைச் சொன்னாலும் அப்பாவைப் பார்த்தே சொன்னார்.

தெற்கு வாசலில் தொடங்கினோம். 32 மீட்டர் உயரக் கல்வேலை. இரண்டு கதவுகளுக்கும் நடுத்தூணில், போர்ச்சுகலின் கடற்பயணங்களுக்கு வித்திட்ட இளவரசர் ஹென்றி வாளோடு நிற்கிறார். மேலே பெலேம் மாதா. பெலேம் என்றால் பெத்லகேம்தான். அப்பா தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார். இன்று மடத்துக்கும் தேஜோ ஆற்றுக்கும் நடுவில் பூங்கா, சாலை, ரயில் தண்டவாளம் எல்லாம் இருக்கின்றன. அன்று இந்த வாசலுக்கு எதிரே கரைதான். இதே இடத்தில் இருந்த சிறு கோயிலில்தான் 1497இல் வாஸ்கோ ட காமாவின் ஆட்கள் புறப்படுவதற்கு முந்தைய இரவு விழித்திருந்து செபித்தார்கள்.

அரசர் முதலாம் மனுவேல் 1501இல் கட்ட ஆரம்பித்தார். முடிய ஏறத்தாழ நூறு வருஷம். ஆப்பிரிக்காவோடும் கிழக்கு நாடுகளோடும் நடந்த வியாபாரத்தில் நூற்றுக்கு ஐந்து வசூலித்த வரிதான் இதற்கு மூலதனம். அதன் பெயரே 'மிளகின் இருபதில் ஒன்று'. வருஷத்துக்குச் சுமார் 70 கிலோ தங்கத்துக்குச் சமமாம். புனித ஜெரோம் சபைத் துறவிகளை இங்கே குடியேற்றி, அவர்களுக்கு இரண்டு வேலை கொடுத்தார்: அரசரின் ஆன்மாவுக்காக மன்றாடுவது, கடலுக்குப் போகிறவர்களுக்கு ஆறுதல் சொல்வது.

வழிகாட்டி "மெஸ்த்ரே பொய்தாக்கா" என்று ஆரம்பித்தார். முதலில் கட்டியவர் அவர், பிறகு காஸ்தில்யோ. அப்பா என் கையைத் தட்டி, "மேஸ்திரிங்கா?" என்று கேட்டார். ஆமாம், அதே சொல்தான். நம் கொத்தனார் மேஸ்திரி இங்கிருந்து கப்பலேறி வந்தவர்.

உள்ளே நுழைந்ததும் மாடத்துக்குக் கீழே தாழ்வான இருட்டு. இடதுபக்கம் காமாவின் கல்லறை, வலதுபக்கம் கவிஞர் கமோயிஷ். காமாவின் கல்லறைப் பக்கவாட்டில் ஒரு கப்பல் செதுக்கியிருக்கிறார்கள். அவர் 1524இல் கொச்சியில் செத்தார். அங்கே புனித பிரான்சிஸ் கோயிலில் முதலில் புதைத்த இடத்தை நாங்கள் குடும்பத்தோடு ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறோம். எலும்பை 1539இல் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்து, வேறோர் ஊரில் வைத்திருந்து, 1880இல் இந்த மடத்துக்கு மாற்றினார்கள். எதிரே படுத்திருக்கும் கமோயிஷ் தன் காவியத்தில் மயிலாப்பூரையும் தோமையாரையும் பாடியவர். அந்தப் பெட்டியில் இருப்பது அவர் எலும்புதானா என்பது சந்தேகம் என்று வழிகாட்டியே சொல்லிவிட்டார்.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று. 1502இல் இரண்டாம் பயணத்தின்போது, மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு கப்பலைக் காமா பிடித்துக் கொள்ளையடித்து, பெண்கள் குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானவர்களோடு எரித்தார். அவர் கூட வந்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு அழகான பளிங்குக்குப் பக்கத்தில் நின்று இதை யாரும் பேச விரும்பமாட்டார்கள்தான். ஒன்றரை மணி நேரச் சுற்றில் ஒரு நிமிஷம் இதற்கும் கொடுத்திருக்கலாம்.

நான் மெதுவாக அப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆப்பிரிக்காவுல இருந்து கோழிக்கோட்டுக்கு இவனுக்கு வழி காட்டுனது யாரு?" என்றார். மலிந்தியில் ஏற்றிக்கொண்ட மாலுமி ஒருவர் என்றேன். "காத்து எப்ப திரும்பும்னு அவனுக்குத்தானே தெரியும். அவன எங்க பொதச்சிருக்கு?"

அந்தக் கேள்வியை நான் மொழிபெயர்க்கவில்லை.

இருட்டிலிருந்து இரண்டு அடி முன்னால் வைத்தால் கூரை சட்டென்று மேலே போய்விடுகிறது. எண்பட்டைத் தூண்கள், தென்னை மரம் மாதிரி ஒல்லியாக ஏறி, உச்சியில் மட்டை விரித்தது போலப் பிரிந்து கூரையைத் தாங்குகின்றன. அடியிலிருந்து நுனி வரை கொடியும் பூவும் முகங்களும். குறுக்கு மண்டபத்தில் அந்தத் தூண்கூட இல்லை. 29 மீட்டருக்கு 19 மீட்டர் இடம், நடுவே ஒரு தாங்கலும் இல்லாமல் கல்லால் மூடியிருக்கிறது. 1755 நிலநடுக்கத்தில் லிஸ்பனில் பாதி தரைமட்டமானபோதும் இது நின்றது.

பீடத்தருகே அரச குடும்பத்தாரின் கல்லறைகளைப் பளிங்கு யானைகள் சுமக்கின்றன. மன்னர் செபஸ்தியானின் கல்லறைக்கும் யானைதான். அவர் 1578இல் மொராக்கோப் போரில் காணாமல் போனவர். உடல் அவருடையதுதானா என்று யாருக்கும் நிச்சயமில்லை. அதனால் கல்வெட்டிலேயே 'சொல்லப்படுவது உண்மையானால்' என்று சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். அரசனின் கல்லறையில் இப்படி ஒரு நேர்மையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதே 1578இல்தான் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. வரலாறு அக்கம்பக்கத்தில் என்னென்னவோ செய்துகொண்டிருக்கிறது.

அப்புறம் முற்றமும் சுற்றுத் தாழ்வாரமும். இதற்குத்தான் டிக்கெட். பக்கத்துக்கு 55 மீட்டர், இரண்டு அடுக்கு. தேன் நிறச் சுண்ணாம்புக்கல். சர்ச்சோடு ஒட்டிய தாழ்வாரத்தில் வரிசையாக 12 சிறு கதவுகள். பாவசங்கீர்த்தனம் கேட்கப் பாதிரியார் இந்தப் பக்கமாக வந்து உட்காருவார். சர்ச்சுக்குள்ளிருந்து மறுபக்கம் வந்து முழங்காலிடுவார் கடலுக்குப் போகிறவர். அப்பா அந்தக் கதவு ஒன்றின் மரத்தில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். மாலத்தீவுக்குப் புறப்படும் முந்தைய நாள் பனிமய மாதா கோயிலில் அவர் வரிசையில் நிற்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

வளைவுகளைச் சுற்றிலும் கல்லில் கயிறு. கூடவே கடல் உயிர்கள், இலைகள், அரசர் மனுவேலின் சின்னமான வளைய உருண்டை (வானத்தின் சுற்றுகளை வளையங்களால் காட்டும் கருவி), கிறிஸ்து சபையின் சிலுவை. இந்தப் பாணிக்கு அரசரின் பெயரால் 'மனுவேலின்' என்று பெயர் வைத்ததே 19ஆம் நூற்றாண்டில்தான். அரசருக்கு இது தெரியாது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு தூணின் பக்கத்தில் போய்ப் பிரி எண்ணினார். விரலால் முறுக்கின் மேலே ஓட்டிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. ஆனா இது கப்பல் கயிறு இல்ல. ஆசாரி நகைக்குப் பண்ணுற கயிறு."

மற்றதெல்லாம் வேகமாகப் போயிற்று. சாப்பாட்டுக் கூடத்தில் 18ஆம் நூற்றாண்டு ஓட்டுச் சித்திரங்கள், கை கழுவும் மூலையில் கல் சிங்கம், கவிஞர் பெசோவாவின் மொட்டையான கல்லறைத் தூண், 2007இல் ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தம் கையெழுத்தான கதை. வழிகாட்டி கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். எங்களை விட்டுப் பிரியும்போது, "உங்கள் அப்பாவுக்குக் கயிறுதான் வேண்டுமென்றால் தோமார் போங்கள்" என்றார்.

மூன்றாம் நாள், புதன்

தோமாருக்கு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். ஊர் கீழே, மடம் குன்றின் மேலே. அப்பாவின் முழங்காலை நினைத்து டாக்சி பிடித்தோம்.

1160இல் டெம்ப்ளர்கள் என்ற துறவி வீரர் சபையினர் கட்டத் தொடங்கிய கோட்டை. அந்தச் சபையைப் போப் கலைத்த பிறகு, 1319இல் போர்ச்சுகல் அரசர் அதையே கிறிஸ்து சபை என்று பெயர் மாற்றி உயிரோடு வைத்துக்கொண்டார். போர்ச்சுக்கீசியக் கப்பல் பாய்களில் படங்களில் நாம் பார்த்த சிவப்புச் சிலுவை இவர்களுடையதுதான். ஹென்றி இதன் ஆளுநராக இருந்தார். உள்ளே டெம்ப்ளர்களின் வட்டக் கோயில் இருக்கிறது. வெளிச்சுவர் 16 பட்டை, உள்ளே எட்டுப் பட்டை, நிறமும் தங்கமுமாக. குதிரை மேல் உட்கார்ந்தபடியே பூசை கண்டார்களாம். கதைதான். ஆனால் அந்த உயரத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது.

இங்கே வழிகாட்டி வயதான மனிதர். எங்களோடு ஆறே பேர். ஒரு சிறு முற்றத்தின் மேல்தளத்துக்குக் கூட்டிப்போய் நிறுத்தி, கையை நீட்டி, "ஜனேலா" என்றார்.

"ஜன்னலா?" என்றார் அப்பா.

"ஜனேலா."

"ஜன்னல்தாம்பா" என்றேன் நான். அதன் பிறகு அந்த இருவரையும் நிறுத்த முடியவில்லை. சாவிக்கு ஷாவெ, மேசைக்கு மேசா, அலமாரிக்கு அர்மாரியோ, பீப்பாய்க்குப் பீப்பா, ஏலத்துக்கு லெய்லாவ். அப்பா ஒவ்வொன்றாக எடுத்துப் போட, அவர் தன் மொழியில் திருப்பிப் போட்டார். கூட வந்த நான்கு பேரும் ஜன்னலை விட்டுவிட்டு இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஜன்னலை என்னவென்று சொல்வது! தியோகோ த அருடா 1510க்கும் 1513க்கும் நடுவில் செய்தது. ஜன்னல் என்னவோ சின்னதுதான், கம்பி போட்ட ஒரு திறப்பு. அதைச் சுற்றித்தான் கடலையே கரையேற்றியது மாதிரி பவளம், கடற்பாசி, கடலில் ஊறிய மரம் போலக் கரடுமுரடான தூண்கள். உச்சியில் கிறிஸ்து சபைச் சிலுவை, இருபுறமும் வளைய உருண்டை. அடியில் வேரோடு பிடுங்கிய மரம் ஒன்றைத் தாங்கியபடி தாடிக்காரர் ஒருவர் குனிந்திருக்கிறார். மாலுமி என்பார்கள். செதுக்கிய அருடாவே என்பாரும் உண்டு. பக்கத்துத் தூண் ஒன்றை இடுப்பு வார் ஒன்று கொக்கியோடு இறுக்கிப் பிடித்திருக்கிறது, இன்னொன்றைச் சங்கிலி. இவை வெளிநாட்டு வீரப் பட்டங்களின் அடையாளம் என்று வழிகாட்டி விளக்கினார்.

நேற்றைய அழகு இங்கே இல்லை. முதல் பார்வையில் எனக்கு இது கொஞ்சம் அதிகம் என்றே தோன்றியது. கல்யாண வீட்டில் எல்லா நகையையும் ஒரே கழுத்தில் போட்டது போல.

அப்பாவுக்கு அப்படி இல்லை. பேச்சை நிறுத்திவிட்டுக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். கால் மணி நேரம் இருக்கும். பிறகு என்னைக் கூப்பிட்டார். "ஏளா, அங்க பாரு. அந்த வளைவுல கயிறு எப்படித் தொங்குது? கனத்துல தொங்குது. இந்தா, இங்க முடிச்சு விழுற எடத்துல பிரி கொஞ்சம் நசுங்கி அகலமாயிருக்கு பாத்தியா? தண்ணி குடிச்ச வடம் இழுபட்டா அப்படித்தான் ஆகும். காஞ்ச கயிறுல வராது. இவன் படகுல போயிருக்கான். இல்லைன்னா கப்பல்காரன பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டுச் செஞ்சிருக்கான்."

எனக்கு அந்த நசுங்கல் முதலில் தெரியவில்லை. அவர் விரல் போன வழியே பார்த்ததும் தெரிந்தது. தெரிந்த பிறகு வேறெதுவும் தெரியவில்லை.

இதை வழிகாட்டிக்குச் சொன்னேன். அவர் ஒரு குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். மரியாதைக்காகவும் இருக்கலாம்.

நான்காம் நாள், வியாழன்

பதாலியா. பஸ்ஸில் இரண்டு மணி நேரம். காலையிலிருந்தே தூறல்.

1385இல் அல்ஜுபரோட்டாவில் பக்கத்து நாட்டுக் காஸ்தீலியரை வென்றதற்கு நேர்த்திக்கடனாக அரசர் முதலாம் ஜுவாவ் கட்டிய மடம். அவரும் இங்கிலாந்திலிருந்து வந்த ராணி பிலிப்பாவும் ஒரே கல்லறையின் மேல் கையைக் கோத்தபடி படுத்திருக்கிறார்கள். மகன் ஹென்றியும் அங்கேயேதான். மூன்று நாளாக எங்களை விடாமல் துரத்தும் மனிதர். துறவிகள் கூடும் மண்டபத்தில் 19 மீட்டர் சதுரக் கூரைக்கு நடுத்தூண் கிடையாது. விழுந்துவிடும் என்று எல்லாரும் பயந்தபோது, கட்டியவர் அதன் கீழே படுத்துக் காட்டினாராம். இப்போது அதன் கீழே முதல் உலகப் போரில் இறந்த பெயர் தெரியாத சிப்பாய்கள் இருவரின் கல்லறை, பக்கத்தில் அசையாமல் இரண்டு காவல் வீரர்கள்.

பின்பக்கம் போனால் கூரையில்லாத மண்டபம். பெயரே 'முடியாத சிற்றாலயங்கள்'. எட்டுப் பட்டையில் ஏழு சிற்றாலயங்கள், எட்டாவது பக்கம் வாசல். 15 மீட்டர் உயர வாசல் முழுக்கச் சரிகை வேலை போல, ஓரங்குல இடம்கூட விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். ஜுவாவின் மகன் மன்னர் துவார்த்தின் 'என்றும் விசுவாசமாய் இருப்பேன்' என்ற வாசகம் திரும்பத் திரும்ப ஓடுகிறது. 1509இல் மத்தேவுஸ் பெர்னாந்தஸ் செய்தது. மேலே பெரிய தூண்கள் பாதியில் நிற்கின்றன. அதற்கு மேல் வானம். அரசரின் கவனமும் காசும் பெலேம் பக்கம் போய்விட்டன என்றார் வழிகாட்டி.

"ஆள எல்லாம் அந்த சைட்டுக்குத் தூக்கிட்டான்" என்றார் அப்பா குடையை விரித்தபடி. தூத்துக்குடியில் எங்கள் வீட்டு மாடியும் இப்படித்தான் ஆறு வருஷம் கம்பியோடு நின்றது.

நாலு மணி பஸ்ஸுக்குத் திரும்பும்போது சர்ச் வாசல் வழியாக வந்தோம். உள்ளே நுழையும் இடத்திலேயே தரையில் ஒரு கல்லறைக் கல் இருக்கிறது. காலையில் நாங்கள் அதன் மேலேயே நடந்துதான் போயிருக்கிறோம். யாருடையது என்று அப்பா கேட்டார். பலகையைப் படித்தேன். அந்த வாசலைச் செய்த மத்தேவுஸ் பெர்னாந்தஸ், மனைவியோடு.

"மேஸ்திரியா?"

"ஆமாப்பா."

அப்பா குடையை மடக்கிக்கொண்டு, சுவரோரமாகக் கல்லைச் சுற்றி நடந்து வெளியே வந்தார். எங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய பள்ளிக்கூடக் கும்பல் ஈரச் செருப்போடு நேராக ஏறி உள்ளே போயிற்று.